மேஜர் அத்தானைப் படுக்கவைக்கும் படலம்

பேரன்புக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. பெரியவள் உடம்பு தேறிவிட்டாளா, பேத்தி அழாமல் தூங்குகிறாளா, குழந்தையை யார் குளிப்பாட்டுவது என்று உனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடந்துகொண்டிருந்த போட்டி ஒரு முடிவுக்கு வந்ததா என்பதையெல்லாம் நான் ஆசை ஆசையாக விசாரித்ததாக வைத்துக்கொள். 'இங்கு நானும் அத்தானும் நலம்' என்று எழுதித்தான் இந்தப் பக்கத்தை ஆரம்பித்தேன். எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு 'அத்தானும்' என்பதை அடித்துவிட்டு 'நானும்' என்பதை விட்டுவைத்தேன். இன்னும் கொஞ்சம் யோசித்ததில் அதுவும் சரியில்லை என்று தோன்றியதால் அதையும் அடித்தாயிற்று. உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. அத்தான் இருக்கிறார். இந்த நிமிஷம்கூடக் கீழே யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு இங்கே கேட்கிறது. மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வர வேண்டாம்.

தினமும் ஃபோனில் பேசுகிறோமே, இதென்னடா புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் பேசுவது நானா அக்கா? நீ 'எப்படிடா இருக்கார்?' என்று கேட்கும்போது அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் திறந்ததும் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துகிறார். அந்தப் புருவத்துக்கு ஒரு படையே அடங்கி நின்றிருக்கிறது, நான் எந்த மூலைக்கு? 'ரொம்ப நல்லா இருக்கார்க்கா' என்கிறேன். அவர் பின்னாலிருந்து, பட்டாள வயர்லெஸ்ஸில் பேச்சை முடிக்கிற மாதிரி, 'ஓவர்' என்கிறார். நீ சிரித்துக்கொண்டே வைத்துவிடுகிறாய். அதனால்தான் நம் சலவைக்கூடத்து இஸ்திரி அறையில், மலைபோல் குவிந்திருக்கிற தலையணை உறைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆவியில் மூக்குக்கண்ணாடி மறைக்க மறைக்கத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். கடிதத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பட்டாளத்தில் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதுவதையெல்லாம் அதிகாரி படித்துப் பார்த்து, வெளியே போகக்கூடாததை நீலப் பென்சிலால் அடித்து, அதன் பிறகுதான் உறையை ஒட்டவிடுவார்களாம். பட்டாளத்தை விட்டு எத்தனையோ காலமாகியும் இந்த மனுஷன் அந்தப் பென்சிலைக் கீழே வைக்கவில்லையே. உன் கல்யாணப் பத்திரிகையை நண்பர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டு அனுப்பினோமே, மண்டபம், தெரு, ஊர் எல்லாவற்றையும் நீலப் பென்சிலால் அடித்துவிட்டல்லவா கொடுத்தார்! மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போட்ட நாற்காலியெல்லாம் காலியாகக் கிடந்தது. 'இருக்கிற இடம் வெளியே தெரியக்கூடாது, பழக்க தோஷம்' என்று மணவறையிலேயே உன்னிடம் சொன்னாரே. இந்த வீட்டிலிருந்து வெளியே போகிற எந்த உறையும் இன்றைக்கும் அவர் மேஜைத் தட்டு வழியாகத்தான் போகிறது. இதை மட்டும் ரெடியின் கையில் நேரே கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். ரெடி என்றால் நம் டிரைவர்தான். எதைச் சொன்னாலும் 'ரெடி சார்' என்று சொல்லிச் சொல்லி இப்போது அதுவே பெயராகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தானுடைய இதய வால்வு ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்த நேரத்தில், பெரியவளுக்குப் பிரசவ நாள் முந்திவிட்டது என்று தகவல் வந்தபோது நீ எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாய். 'அங்கதான் ஆள் தேவை, கெளம்பு. இங்க நான் இருக்கேன்ல?' என்று அத்தான்தான் உன்னைத் துரத்தினார். நோயாளியும் அவரே, நோயாளிக்குத் துணையும் அவரே என்கிற மாதிரி! விமான நிலையத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வேலை கொடுத்தாய். 'டேய், இந்த மனுஷனை மட்டும் ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிடுடா. மத்ததை டாக்டர் பாத்துக்குவார்' என்றாய். இன்ஷூரன்ஸ் ஆபீசில் விபத்துப் பிரிவில் காலத்தை ஓட்டியவன் நான். வாழைப்பழத் தோல் முதல் மின்னல் வரை எதெதனால் மனுஷன் போவான் என்று கோப்பு கோப்பாகப் படித்துப் படித்து, கல்யாணமும் ஒரு அபாயம்தான் என்று ஒதுங்கி நின்றவன். என்னிடம் போய் இந்த வேலையைக் கொடுத்தாய். டாக்டர் லீவில் போய்விட்டார், அதனால் ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது என்று நான் ஃபோனில் சொன்னேனே, அது பொய். டாக்டர் எங்கேயும் போகவில்லை. தினமும் வந்துகொண்டிருக்கிறார். அத்தான்தான் போகவில்லை.

போகவில்லை என்றும் சொல்ல முடியாது, போனார். முதல் தடவை நல்ல பிள்ளையாகப் பெட்டியோடு வண்டியில் ஏறினார். எனக்கு ஒரே பூரிப்பு. இதய வார்டு அவரே கட்டிக்கொடுத்தது என்பது உனக்குத் தெரியும், நீதானே ரிப்பன் வெட்டினாய்? பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற தலைமை நர்ஸம்மா வாசலுக்கே வந்து அழைத்துக்கொண்டு போனார்.

'இந்தக் கட்டில்ல படுங்க மேஜர்.'

'இது நான் குடுத்த கட்டிலாச்சே.'

'அதான் நல்ல கட்டிலா பாத்து ஒதுக்கியிருக்கோம்.'

'குடுத்ததுல நானே போய்ப் படுத்துக்கிட்டா, அது குடுத்ததாகுமா?'

'அப்ப தரையில படுக்கிறீங்களா?'

கட்டில் பக்கம் திரும்பினார். சரி, படுத்துவிடுவார் என்று நான் பெருமூச்சு விட்டேன். ஆனால் படுக்கக் குனிந்த மனுஷன் விரிப்பின் ஓரத்தைப் பார்த்துவிட்டார். மூலை மடிப்பு சரியில்லையாம். உதறி எடுத்து, திரும்ப விரித்து, நாலு மூலையும் கத்தி மாதிரி நிற்கும்படி மடித்தார். அதோடு விட்டாரா? பக்கத்திலிருந்த காலிக் கட்டில்களையும் பிரித்தார். அதற்கும் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். 'கொஞ்சம் பொரளுங்க' என்று சொல்லி, அவரை இந்தப் பக்கம் உருட்டி, விரிப்பை இழுத்து, அந்தப் பக்கம் உருட்டி, அவருடைய கட்டிலும் முடிந்தது. அடுத்தவர் முன்னெச்சரிக்கையாகத் தம் போர்வையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டார். பெரிய சிஸ்டர் ஓடிவந்து ரத்த அழுத்தம் பார்த்தால் அது எங்கேயோ போய் நிற்கிறது. இந்த நிலைமையில் கத்தி வைக்க முடியாது, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அத்தான் கிளம்புகிற அவசரத்தில், இனிமேல் ஆஸ்பத்திரியின் எல்லா விரிப்புகளையும் நம் சலவைக்கூடமே இலவசமாக வெளுத்து மடித்துக் கொடுக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். நோயாளியாகப் போனவர் வள்ளலாகத் திரும்பி வந்தார். நம் சூப்பர்வைசரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, 'சார், அவரைக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வரச் சொன்னா, ஆஸ்பத்திரியையே கூட்டிட்டு வந்திருக்கீங்க' என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் என்னம்மா செய்வேன் என்று கையை விரித்தேன்.

இரண்டாம் தடவை அதைவிட மோசம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா, பாவம், சின்ன வயசு. 'உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க சார்' என்று கேட்டுவிட்டார். தூக்கத்தில் குறட்டை உண்டா, பல் செட்டு உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார். இவர் பிறந்ததிலிருந்து ஆரம்பித்துவிட்டார். பனிமலையில் காவல் நின்றது, தொடையில் குண்டு துளைத்தது, முழங்கால் போனதால் பட்டாளத்தை விட்டது, ஒரு தகரப் பெட்டியோடு இந்த நாட்டுக்கு வந்து ஓட்டலில் வாட்ச்மேன் வேலை பார்த்தது எல்லாம் வந்தது. வாட்ச்மேன் வேலையில் வாசலைப் பார்க்காமல், மாடியில் காயப்போட்ட விரிப்புகளைப் பார்த்து, 'இப்படியா மடிப்பாங்க?' என்று ஓட்டல் முதலாளியிடமே சண்டைக்குப் போய், 'முடிஞ்சா நீ மடிச்சுக் காட்டு' என்று அவர் சொல்ல, அதிலிருந்து ஒரே ஒரு சலவை இயந்திரம், ஒரு வாடகை அறை, அதில் ஒரு முனையில் அவரும் மறு முனையில் நீயுமாக விரிப்பு மடித்தது வரைக்கும் சொன்னார். அந்த இடம் வந்ததும் ஏனோ சட்டென்று நிறுத்திவிட்டார். டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, 'அப்புறம் என்ன சார் ஆச்சு?' என்று கேட்கிறார். வெளியே காத்திருந்த நோயாளிகள் கதவைத் தட்டுகிறார்கள். 'அப்புறம் என்ன, பெரிசாச்சு' என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அன்றைக்கு வார்டில் அவருக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரர். அவருக்கும் இதே வால்வு தொந்தரவு, ஆனால் தேதி பின்னால்தான் கிடைத்திருக்கிறதாம். மனுஷன் தன் அடுப்பை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று புலம்பியிருக்கிறார். நான் ஒரு டீ குடிக்கப் போய்விட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அத்தான் தன் தேதியைத் தூக்கி ரொட்டிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடையில் நிற்கிறார். பெரிய சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

'தேதியையுமா தானம் பண்ணுவாங்க மேஜர்?'

'அவருக்கு அவசரம்மா.'

'அவரவிட உங்களுக்குத்தான் அவசரம்!'

'எனக்குத் தோணல.'

ரொட்டிக்கடைக்காரருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கும் போய்விட்டார். நன்றி சொல்லித் தினமும் ஒரு கூடை ரொட்டி அனுப்புகிறார். ஊரில் எத்தனையோ பேருக்கு இப்படி வால்வும் சக்கர நாற்காலியும் காது மெஷினும் வாங்கிக் கொடுத்த மனுஷன், தனக்கென்று வந்தால் மட்டும் நழுவுகிறார். நானும் சூப்பர்வைசரம்மாவும் ரெடியும் மூன்று வேளையும் ரொட்டி தின்றுகொண்டிருக்கிறோம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, 'கடைசியா ஒரு தேதி தர்றேன், அடுத்த மாசம் முதல் வாரம். அதையும் விட்டா அந்த வால்வுக்கு நான் பொறுப்பில்ல' என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ரொட்டி இறங்குகிறதே என்று கேட்காதே, அது வேறு விஷயம்.

டாக்டர் சொல்லாவிட்டாலும் எனக்குக் கண் இருக்கிறதே அக்கா. காலையில் சலவைக்கூட வாசலில் நின்று வழக்கம்போல் விசில் ஊதுகிறார். துவைக்கிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், மடிக்கிறவர்கள் என்று வரிசை நிற்கவேண்டும். விசில் பாதியில் தேய்ந்து வெறும் காற்றாகப் போகிறது. ஆனால் எல்லோரும் விறைப்பாக நிற்கிறார்கள். பின்வரிசையில் காது மந்தமான ஒரு கிழவர் இருக்கிறாரே, அவர்கூட நிற்கிறார். சூப்பர்வைசரம்மா, 'கேட்டுச்சு மேஜர், நல்லாவே கேட்டுச்சு' என்று இவர் கேட்காமலே சொல்கிறார். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று சுவரையே பார்க்கிறார். 'என்ன அத்தான்?' என்றால், 'பெயின்ட் உரியுது, பாத்தியா?' என்கிறார். நானும் தடவித் தடவிப் பார்த்துவிட்டேன், எங்கேயும் உரியவில்லை. சனிக்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போய், தான் வாங்கிக்கொடுத்த கட்டில்களையெல்லாம் ஆய்வு செய்வாரே, அதுகூடப் போன வாரம் பாதியில் நின்றுவிட்டது. இவர் வருகிறார் என்றதும் அங்கே எல்லோரும் கட்டிலைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, கசங்கிவிடுமே என்று படுக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அதிலே ஒரு தலைமையாசிரியை அம்மா, ஓய்வுபெற்றவர், இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'மேஜர், இன்னிக்கு நீங்க ஒரு கட்டில்ல படுங்க, நான் ஆய்வு பண்றேன்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. 'வண்டிய எடு' என்றார்.

இதற்கு நடுவில் எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. எப்போது ஆபரேஷன் பேச்சை எடுத்தாலும், 'மாத்து ஆள் வரட்டும், போறேன்' என்கிறார். காவலுக்கு நிற்கிறவன், மாற்று ஆள் வந்து நின்றாலொழிய இடத்தை விட்டு நகரக்கூடாதாம், அது பட்டாளச் சட்டமாம். யார் அந்த மாற்று ஆள் என்று கேட்டால், 'வரும்போது தெரியும்' என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்கேற்ற மாதிரி ஒருநாள் என்னைப் பாய்லர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், எதெதைத் திருகினால் என்னென்ன ஆகும் என்று விலாவாரியாக விளக்கினார். பாய்லர் வெடித்த கோப்புகள் மட்டும் எங்கள் ஆபீசில் ஒரு பீரோ நிறைய இருந்தது. நான் கேட்டதெல்லாம் அவர் குரல் இல்லை, அந்த பீரோ திறக்கிற சத்தம்தான். அடுத்த நாள் காலை தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, 'ஊது' என்று என் கையில் கொடுத்தார். நான் மூச்சை இழுத்து ஊதினேன். அது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளேயிருந்து சூப்பர்வைசரம்மா நுரைக் கையோடு ஓடிவந்து விறைத்து நின்றார். அத்தான் விசிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சரிதான், தீர்ந்தது, பட்டாபிஷேகம் நடந்துவிட்டது, இத்தனை பேரையும் இத்தனை இயந்திரத்தையும் என் தலையில் கட்டிவிட்டுத்தான் இவர் போய்ப் படுக்கப்போகிறார் என்று நான் அன்றைக்கே என் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். இதையும் நீ தெரிந்துகொள், ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சலவைக்கூடத்தில் ஆள் இல்லை. இயந்திரமெல்லாம் ஓய்ந்து கிடந்தது. அத்தான் தனியாக நின்று ஒரு பெரிய விரிப்பை மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆள் மடிக்கிற விரிப்பு, ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை நழுவுகிறது. என்னைப் பார்த்ததும், 'வா, அந்த முனையைப் பிடி' என்றார். பிடித்தேன். நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தால் என் பக்கம் கோணலாக வருகிறது. திரும்ப உதறினோம். திரும்பவும் கோணல். மூன்றாம் தடவை அவருக்கு மூச்சு வாங்கியது. விரிப்பை இடுக்கிக்கொண்டு மேஜைமேல் உட்கார்ந்துவிட்டார். 'உங்க அக்கா கையில நுனி எப்பவும் நேரா வரும்' என்றார். விரிப்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

'அத்தான், அன்னிக்கு எதுக்கு என்னை விசில் ஊதச் சொன்னீங்க?'

'விசில் கெட்டுப்போச்சா, நான் கெட்டுப்போனேனான்னு பாத்தேன்.'

இவ்வளவு நாளும் என் பயத்தையே கட்டிக்கொண்டு அழுததில் இந்த மனுஷனுக்கு என்ன என்று நான் கேட்கவே இல்லை. கேட்டுவிட்டேன்.

'பயமா இருக்கா அத்தான்?'

'ஆமாண்டா' என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். 'கத்திக்கு இல்ல. மயக்க மருந்து குடுத்திடுவாங்க, நான் பாட்டுக்குப் படுத்துக் கெடப்பேன். நம்ம ஆள் ஒருத்தர் முழிச்சிருக்க வேணாமா? காவலுக்கு ஒருத்தர் நிக்கிறாங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்குக் கண்ணு மூடும். மலையிலேர்ந்தே அப்படித்தான்.'

'டாக்டருங்க இருப்பாங்களே.'

'அவங்க வேலை பாப்பாங்க. காவல் நிக்கிறது வேற.'

'நான் நிக்கிறேன் அத்தான்.'

என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'நீ டி.வி.யப் போட்டாலே தூங்கிடுறவன்' என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

'அப்ப இத்தனை வருஷமா நீங்க எப்படித்தான் தூங்கினீங்களாம்?'

'உங்க அக்கா இருந்தாளே' என்றார்.

நீ போன நாளிலிருந்து அவர் கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருக்கிறது. காலையில் பார்க்கும்போதெல்லாம், ஆகா, எழுந்ததும் என்ன ஒழுங்காக விரித்து வைக்கிறார் என்று மெச்சிக்கொண்டிருந்தேன். அடப் பாவி மனுஷா, படுத்தால்தானே சுருக்கம் விழும்! ஹாலில் இருக்கிற நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தே இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறார். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு! உன்னிடம் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, 'வாயத் தெறக்காதே. அங்க பச்ச உடம்புக்காரி, கைக்குழந்த. அதுவும் ஒரு முனைதான். அவ அங்க நிக்கிறா, நான் இங்க நிக்கிறேன். வரக்கூடாதுன்னு சொல்லிடு' என்று உத்தரவு போட்டுவிட்டார். உத்தரவை மீறுகிற தைரியம் எனக்குக் கிடையாது என்பது உனக்கே தெரியும். ஆகவே நீ வர வேண்டாம். சம்பந்தியம்மா குழந்தையை நன்றாகத்தான் குளிப்பாட்டுவார் என்று நினைக்கிறேன், அதை ஒரு தகவலுக்காக மட்டும் சொல்கிறேன். ஆனால் நீ வர வேண்டாம். அந்தக் கடைசித் தேதிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, தபால் வந்து சேர்ந்து டிக்கெட் எடுக்கிற அளவுக்கு இருக்கிறது, அதுவும் ஒரு தகவலுக்காகத்தான். நான் எப்படியாவது அவரை உள்ளே தள்ளிவிடுவேன். எப்படி என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது அக்கா.

பெரியவளுக்கு என் ஆசிகள். பேத்திக்கு இந்தத் தாத்தாவின் முத்தங்கள், குளிப்பாட்டும்போது தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டு ஊற்றவும், வெந்நீர் விபத்துக் கோப்புகள் எங்களிடம் நிறைய இருந்தன. மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் பணிவான வணக்கங்கள். எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கவேண்டும், அத்தான் முதலில்.

இப்படிக்கு, என்றும் உன் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட,
தம்பி

பி.கு.: அக்கா, மாட்டிக்கொண்டேன். உறையை ஒட்டி ரெடியின் கையில் கொடுத்து, 'நேரா தபால் ஆபீஸ், வேற எங்கேயும் நிக்காதே' என்றேன். 'ரெடி சார்' என்று சல்யூட் அடித்துவிட்டு நேராகக் கொண்டுபோய் அத்தானின் மேஜைத் தட்டில் வைத்துவிட்டான். வெளியே போகிற உறையெல்லாம் அங்கேதான் வைக்கவேண்டும் என்று அவனுக்கு வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருக்கிறார்களாம். அவன்மேல் தப்பில்லை. என்னைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, நீலப் பென்சிலைக் கூர் சீவி, முதல் வரியிலிருந்து படித்தார். எனக்கு எந்தக் கோப்பிலும் இல்லாத விதத்தில் உயிர் போய்க்கொண்டிருந்தது. மாடிப்படி இடத்தில் ஓரத்தில், 'பெயின்ட் நிஜமாகவே உரிகிறது' என்று எழுதினார். பாய்லர் இடத்தில் நிமிர்ந்து பார்த்து, 'மடையா, நீ அதுல கைய வச்சிடக்கூடாதேன்னு காட்டினேன்' என்றார். 'அப்ப மாத்து ஆள் நான் இல்லையா?' என்று கேட்டேன். 'நீயா!' என்றார். நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனாலும் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க வேண்டாம்.

அவர் பயந்தார் என்று நான் எழுதிய இடம் வந்தது. பென்சில் அங்கேயே நின்றது. அடிக்கப்போகிறார், என்னையும் சேர்த்து அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அந்த வரிகள் அப்படியே இருக்கின்றன, ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், 'நீ வர வேண்டாம்' என்று எழுதியிருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, அதை மட்டும், கெட்டியாக, இரண்டு கோடு போட்டு அடித்தார். அடித்துவிட்டு, 'இத வெளிய விடக்கூடாது' என்றார்.

'ஃபோன்லயே சொல்லிடலாமே அத்தான்? சீக்கிரம் ஆகுமே.'

'ஃபோன்ல எனக்குக் குரல் நிக்காதுடா' என்றார். 'இதப் படிச்சா அவளே வந்திடுவா.'

ஆகவே அக்கா, மேலே நீலக் கோடு விழுந்த வரிகளை விட்டுவிட்டு மற்றதை மட்டும் படி.